துருவும் வெயிலும்

லயத்துத் தகரக் கூரையில் படியும் செந்துருவை நாம் ஒரு பொருளாக மதிப்பதில்லை. அதைக் கொண்டு, வெயிலின் துணையால், தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

தண்ணீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். அந்த வேலையில் வெயிலைப் பூட்டலாம் என்று 1972-இல் ஜப்பானிய அறிஞர்கள் பியூஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். அவர்கள் எடுத்தது டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைச் சாயத்தில் கலக்கும் அதே பொருள்தான். ஆனால் அது வெயிலின் மிகச் சிறு பங்கான புற ஊதாக் கதிரை மட்டுமே உண்ணும். துருவோ கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பகுதியை உண்ணும், விலையும் மலிவு. கூரைத் துருவை அப்படியே சுரண்டி எடுப்பதில்லை. அதன் தூய வகையாகிய ஹெமடைட்டை மெல்லிய ஏடாகக் கண்ணாடியில் படிய வைப்பார்கள். இதுவே மின்வாய்.

ஒளி பட்டதும் ஏட்டிலிருந்து ஒரு மின்துகள் கிளம்பும். அதன் இடம் காலியாகும். மின்துகள் கம்பி வழியே மறு மின்வாய்க்குப் போய் ஹைட்ரஜனை உண்டாக்கும். காலியிடமோ ஏட்டின் மேற்பரப்புக்கு வந்து, தண்ணீரிடமிருந்து ஒரு மின்துகளைப் பறித்து நிரம்ப வேண்டும். நான்கு முறை இப்படிப் பறித்தால்தான் பிராணவாயுவின் ஒரு மூலக்கூறு பிறக்கும்.

இங்கேதான் சிக்கல். ரப்பர் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பால் நிறுக்க ஒரே தராசு, வரிசையோ நீளம். காத்திருக்கும் வாளியில் பால் உறையத் தொடங்கிவிடும். அதுபோலவே காலியிடங்கள் காத்துக் கிடக்கையில், கிளம்பிய மின்துகளே திரும்பி அதில் விழுந்துவிடுகிறது. பிடித்த வெயில் வெறும் சூடாகப் போய்விடுகிறது.

இன்னொரு தராசு வைத்தாற்போல் உதவுவதுதான் வினையூக்கி. 2008-இல் அமெரிக்காவில் நொசேராவும் கானனும் கோபால்ட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படலத்தைக் கண்டார்கள். பாஸ்பேட் நமக்குப் புதிதல்ல, உரமூட்டையில் இருப்பதுதான். 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேமலின் குழுவினர் அதை ஹெமடைட்டின்மேல் ஏற்றினார்கள். வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய மின்னழுத்தம் சுமார் 0.35 வோல்ட் குறைந்தது. முழுவதும் வேண்டாமென்று ஆகிவிடவில்லை; ஆயினும் இது நல்ல லாபமே.

தடிமனாகப் பூசினால் இன்னும் நல்லதா? இல்லை. படலமே வெயிலை மறைத்துவிடக்கூடும். மேலும், படலம் தண்ணீரின் வேலையை விரைவாக்குகிறதா, மின்துகள் திரும்பி விழுவதைத் தடுக்கிறதா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. இரண்டும் நடக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் சிலாங்கூரிலும், பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில், ஒளியால் தண்ணீரைப் பிரிக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் பேட்டரியை வைத்துத் தண்ணீரைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால், வாயுவை மட்டும் அடைத்து வைக்க விடாதீர்கள். இவ்விரு வாயுக்களும் கலந்த இடத்தில் ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும்.