மலை ஏறும் லாரிக்கு மூச்சுக் கொடுப்பது எது?

தென்காசி, குற்றாலம் பக்கம் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை. அங்கிருந்து ரோடு வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. பாவூர்சத்திரம் காய்கறியை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும். ஒரு லாரி திணறி நின்றால் போதும். பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நிற்க வேண்டியதுதான். விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேராத தக்காளியை யார் வாங்குவார்கள்?

ஏறும் லாரியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். உறுமலுக்கு நடுவே மெல்லிய விசில் சத்தம் ஒன்று வரும். அதுதான் டர்போசார்ஜர். டிரைவர்கள் 'டர்போ' என்பார்கள்.

துருத்தி வேலை

எஞ்சினுக்குள் டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் கரும்புகைதான் வரும். எஞ்சின் தானாக இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதுபோல, காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் கூடுதல் டீசல் எரியும். எஞ்சின் பெரிதாகாமலே பலம் கூடும்.

இப்படி ஊத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சூப்பர்சார்ஜர். எஞ்சின் சுழலும்போது, அதிலிருந்தே பெல்ட்டோ பல்சக்கரமோ மாட்டி ஊதும் கருவியைச் சுற்றுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்த 'ஸ்பிட்பயர்' விமானத்தில் இதுதான் இருந்தது. மிதித்த உடனே பலம் கிடைக்கும். ஆனால், கொல்லனே சம்மட்டியும் அடித்துத் துருத்தியும் ஊதினால் என்ன ஆகும்? அவன் பலத்தில் ஒரு பங்கு துருத்திக்கே போய்விடும். இங்கேயும் அதே கதைதான்.

வீணாகும் புகை

மற்றொன்று டர்போ. இது எஞ்சினின் கையை எதிர்பார்ப்பதில்லை. குழாய் வழியே வீணாக வெளியேறும் சூடான புகையைப் பிடித்துக்கொள்கிறது!

ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் காற்றில் பிள்ளைகளின் ஓலைக் காத்தாடி சுற்றுகிறதல்லவா? அதுபோலப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது காற்றை எஞ்சினுக்குள் அமுக்குகிறது. சக்கரம் உள்ளங்கை அளவுதான். வேகமோ, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை போகும்! புகை வெளியேறச் சற்றுத் தடை ஏற்படுவது உண்மை. ஆனாலும் லாபம்தான். டீசல் செலவு மிச்சம் என்பதால், லாரிக்காரர்களுக்கு டர்போதான் பிடிக்கும்.

இந்த யோசனையை 1905-ல் பதிவு செய்தவர் ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி. அதை டீசல் எஞ்சினில் பொருத்தி அவர் வெற்றி காண 1925 வரை ஆயிற்று. செங்கோட்டை மலை ரயில் பாதை 1904-ல் திறந்தபோது ஓடியது நீராவி எஞ்சின். பிற்காலத்தில் அங்கே வந்த டீசல் எஞ்சின்கள் டர்போ பொருத்தியவை.

அவசரம் கூடாது

டர்போவுக்கும் ஒரு குறை உண்டு. மிதித்ததும் புகை பெருகிச் சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அதனால் அனுபவமுள்ள டிரைவர் ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை மாற்றி எஞ்சினைத் தயார் செய்துகொள்வார்.

இன்னொரு விஷயம். மலை ஏறி முடித்து டீக்கடையில் நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிடக் கூடாது. டர்போ அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் அதற்குப் போகும் எண்ணெயும் நின்றுவிடும், உள்ளே தங்கிய எண்ணெய் கருகும், தண்டு தேயும். இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அணைத்தால், பெரிய செலவு மிச்சம்.