உடுக்கை வடிவான வான்முகில்

மார்கழி முன்னிரவில் உத்திரமேரூர்ப் பேரேரியின் கரைமீது நின்று கிழக்கே நோக்குவோமாயின், சிவந்த திருவாதிரையும், அதற்குத் தெற்கே வரிசையாய் நிற்கும் மூன்று நக்ஷத்திரங்களும் புலப்படும். அவற்றிற்கும் தெற்கே மங்கலாய்த் தோன்றும் ஒளித்திட்டே ஓரியன் நெபுலா. வாயுவும் தூசியும் திரண்ட இவ்வான்முகில், சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் நக்ஷத்திரங்கள் பிறக்கும் இடமாம்.

முகில் தன் ஈர்ப்பினாலே சுருங்குங்கால், சுழற்சியும் உடையதாதலின், முழுவதும் நடுவில் விழாமல் அதனைச் சுற்றித் தட்டாகப் பரவுகிறது. அத்தட்டின் வழியே வாயு நக்ஷத்திரத்தை அடைகிறது. சூரியனினும் பன்மடங்கு பெரிய நக்ஷத்திரத்திற்கோ இங்கே ஓர் இடையூறு உண்டு. அது வளர்ந்து முடியுமுன்னரே கடும் ஒளி வீசத் தொடங்குகிறது. அவ்வொளி தூசியைத் தள்ளுதலால், தனக்கு உணவாகிய வாயுவைத் தானே விரட்டிவிடுமன்றோ? பின் அது வளர்வது எங்ஙனம்?

விடைக்கு உவமை நம் காலடியிலேயே உள்ளது. ஏரி நீர் கரை முழுவதையும் அழுத்தினும், திறந்த மதகின் வழியேதான் பாய்கிறது. அவ்வாறே, அடர்ந்த தட்டைத் துளைக்கமாட்டாத ஒளியும் காற்றும், தடை குறைந்த மேற்புறமும் கீழ்ப்புறமும் வெளியேறுகின்றன. தட்டின் வழியாக வாயு உள்ளே வந்துகொண்டேயிருக்கிறது. வெளியேறும் வேகம் இருபுறமும் முகிலைக் குடைந்து விரிக்க, இடை மட்டும் ஒடுங்கி, முகில் உடுக்கை வடிவம் பெறுகிறது.

சிக்னஸ் என்னும் அன்ன மண்டலத்திலுள்ள ஷார்ப்லெஸ் 106 என்ற முகில் இதற்குச் சிறந்த சான்று. 2011-இல் வெளியான ஹப்பிள் தொலைநோக்கியின் படத்தில், சூரியனைப்போல் சுமார் 15 மடங்கு நிறையுள்ள இளநக்ஷத்திரத்தின் இருபுறமும் ஒளிச்சிறகுகள் விரிந்திருக்கக் காணலாம். ஓரியன் முகிலின் பின்னே மறைந்துள்ள ‘சோர்ஸ் ஐ’ என்பதும் ஏறத்தாழ அத்தகைய நிறையுடையதே. சிலி தேசத்து ஆல்மா ரேடியோ தொலைநோக்கியால் ஆராய்ந்தோர், அதன் தட்டிலிருந்து கிளம்பும் வாயுவும் சுழல்வதை 2017-இல் கண்டனர். இவ்வாறு சுழற்சியின் ஒரு பகுதி நீங்குதலால், எஞ்சிய வாயு உள்ளே விழ இயலுகிறது. 2019-இல் அத்தட்டினருகே நாம் உண்ணும் உப்பே ஆவியாய் இருத்தலும் அறியப்பட்டது!

படத்தைக் காண்போர் ஒளிரும் சிறகுகளையே வியப்பர். அவற்றிற்கு வழி வகுத்ததோ இருண்ட தட்டு. பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. நீரின் பயன் கரையாலாவது என்பதை அவ்வூரார் நன்குணர்ந்திருந்தனர். வானத்திலும் அஃதே நியதி போலும்.