'நெட் வரல, என்ன செய்வீங்க?': நெட்வொர்க் இன்ஜினியர் இன்டர்வியூவில் என்னதான் கேட்பாங்க?

ஜெயமங்கலம், பெரியகுளம், போடி பக்கம் படித்து முடித்தவர்களில் பலருக்கு ஐடி வேலைக்கான முதல் இன்டர்வியூ சென்னையிலோ கோவையிலோதான். ராத்திரி பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு, உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

என்ன வேலை இது?

அலுவலகம், வங்கி, மருத்துவமனையில் உள்ள கம்ப்யூட்டர்களை இணைக்கும் ரவுட்டர், ஸ்விட்ச், கேபிள்களை அமைப்பதும், கோளாறு வந்தால் சரிசெய்வதும்தான். இது நகரத்து வேலை மட்டும் இல்லை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு கொடுப்பது இலக்கு.

எத்தனை ரவுண்டு?

பெரும்பாலும் ஆன்லைன் தேர்வு அல்லது போன் கால், அடுத்து டெக்னிக்கல், கடைசியில் ஹெச்ஆர்.

டெக்னிக்கலில் என்ன வரும்?

புதியவர்களிடம் அடிப்படையைத்தான் கேட்பார்கள். ஓஎஸ்ஐ மாடலின் 7 அடுக்குகள், டிசிபி - யுடிபி வித்தியாசம், டிஎன்எஸ், டிஹெச்சிபி ஆகியவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சப்நெட்டிங் கணக்கும் வரும். உதாரணத்துக்கு, /26 நெட்வொர்க்கில் எத்தனை கருவிகளை இணைக்கலாம்? மொத்தம் 64 முகவரிகள். அதில் 2 போக, 62.

முக்கியமான கேள்வி

"ஒருத்தருக்கு நெட் வரல, என்ன செய்வீங்க?" 'ரீஸ்டார்ட் பண்ணுவேன்' என்று சட்டென்று சொல்லாதீங்க. நீங்கள் எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

- அவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று முதலில் கேளுங்கள்.
- கேபிள், லைட் சரியா என்று பாருங்கள்.
- ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபி-யிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.
- கேட்வேக்கு பிங் போகிறதா?
- 8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் வெப்சைட் திறக்கவில்லையா? டிஎன்எஸ்-ஐ சந்தேகப்படுங்கள்.

ஒரு கமாண்ட், 6 மணி நேரம்

2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கமாண்ட், அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதனால்தான் "மாற்றம் செய்வதற்கு முன் என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்பார்கள். பேக்கப் எடுப்பேன், தப்பானால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்திருப்பேன் என்று சொல்லுங்கள்.

பதில் தெரியலைன்னா?

அளந்து விடாதீங்க. அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "தெரியல சார், ஆனா இப்படித் தேடிப் பார்ப்பேன்" என்பதே நல்ல பதில். ஆங்கிலம் சரளமாக வரவில்லையா? சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாலே போதும்.

வீட்டிலேயே பயிற்சி

சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். ரவுட்டர் வாங்காமலே அதில் நெட்வொர்க் அமைத்துப் பழகலாம். சிசிஎன்ஏ சான்றிதழ் இருந்தால் கூடுதல் பலம். ஆனால் நீங்களே அமைத்த ஒரு நெட்வொர்க்கைப் பற்றி விளக்கத் தெரிந்தால், அதுவும் எடுபடும்.

நீங்களும் கேளுங்க

நைட் ஷிப்ட் உண்டா? பயிற்சிக் காலத்தில் சம்பளம் எவ்வளவு? பாண்டில் கையெழுத்து கேட்பார்களா? இதையெல்லாம் கேட்பது தப்பே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. வேலை தருகிறேன் என்று டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீங்க. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க.