பட்டறையும் பள்ளியும்

ஒரு கலையைக் கற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. தொழில் வல்லார் ஒருவர் அருகில் அமர்ந்து, அவர் கை செய்வதைக் கண்டு, தன் கையால் செய்து செய்து பழகுவது ஒரு வழி. கலையின் இலக்கணத்தை ஆசிரியரிடம் முறையாகப் பாடங்கேட்டு, வரைந்தும் அளந்தும் தேர்ச்சி பெறுவது மற்றொரு வழி. முன்னதன் இடம் பட்டறை. பின்னதன் இடம் பள்ளி. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு விடை காண அணிகலத் தொழில் பெரிதும் துணைபுரியும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த இசைவாணர் ஒருவரின் வரலாறும் அவ்விடையை வலியுறுத்தும்.

பொற்கொல்லர் பட்டறையில் தொழில் பழக வரும் சிறுவன் முதல் நாளே பொன்னைத் தொடுவதில்லை. தணலைக் காப்பதும், கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், செம்பிலும் பித்தளையிலும் கம்பி இழுத்துப் பழகுவதுமே அவனுடைய தொடக்கப் பாடங்கள். பின்னரே பற்றவைக்கும் வேலை வரும். அது மிகவும் நுட்பமானது. தூய பொன் 1,064 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். வெள்ளியும் செம்பும் கலந்த பொற்பொடியோ அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும். இணைக்க வேண்டிய இடத்தில் வெங்காரத்தைத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவர். பொடி உருகி ஓட வேண்டும், நகை உருகிவிடலாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் ஒரு நொடியே. அந்நொடியைப் பொற்கொல்லர்க்கு அறிவிப்பது வெப்பமானி அன்று, உலோகத்தின் நிறமே. அந்நிறத்தை எந்த நூலும் எழுதிக் காட்ட இயலாது. பல நூறு முறை கண்ட கண்ணே அதனை அறியும்.

எனினும், பட்டறைக் கல்விக்கும் ஓர் எல்லை உண்டு. வழிவழியாக வந்த அட்டிகையையும் ஒட்டியாணத்தையும் குறையின்றிச் செய்யும் கைவினைஞர், முன்பு காணாத வடிவம் ஒன்றைக் கேட்பார்க்கு அதனை முன்னதாக வரைந்து காட்ட இயலாது இடர்ப்படுதல் உண்டு. தம் கை அறிந்ததைப் பிறர்க்குச் சொல்லால் விளக்கவும் அவரால் எளிதில் முடிவதில்லை. கற்பார் வாராவிடின், அவருடைய திறம் அவரோடு மறைந்து போகும்.

இக்குறையை நீக்கும் ஆற்றல் பள்ளிக்கு உண்டு. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு அதனை ஏற்று நடத்தியது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. இத்தகைய பள்ளிகளில் மாணவன் உருவத்தை உற்று நோக்கி வரையக் கற்கிறான். அளவின் பொருத்தத்தையும் நிறங்களின் இயைபையும் அறிகிறான். பிற நாட்டார் கலையையும் பழங்காலக் கலையையும் ஒப்பிட்டுக் காண்கிறான். இதனால் பழைய வடிவிலிருந்து புதிய வடிவைப் படைக்கும் துணிவு அவனுக்குப் பிறக்கிறது.

ஆயினும், ஏட்டில் அழகாக விளங்கும் வடிவமெல்லாம் நகையாகிவிடுவதில்லை. கல்லைப் பிடித்து நிறுத்தப் போதிய விளிம்பு விடாமல் வரைந்தால் கல் உதிரும். எடையைக் கருதாது வரைந்த தொங்கட்டான் காது மடலை இழுத்து வருத்தும். உலோகம் எவ்வளவு வளையும், எங்கே முறியும் என்பதைத் தாளும் எழுதுகோலும் கற்பிப்பதில்லை.

ஆதலால், இரண்டும் கூடிய இடத்திலேயே கலை வளர்ந்தது. இத்தாலியில் பொற்கொல்லராகத் தொழில் பயின்ற புரூனெலெசுக்கி, கணக்கியலையும் கட்டடக்கலையையும் ஆராய்ந்து, 1420இல் தொடங்கிப் பிளாரன்சு நகரப் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பினார். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சிற்பி பி. வி. சானகிராம், கோயில் திருமேனிகளுக்குத் தகடு தட்டிக் கவசம் செய்யும் மரபினின்று ஊக்கம் பெற்று, செப்புத் தகட்டில் புதுமைச் சிற்பங்களைப் படைத்தார். அப்பள்ளியின் தலைவராக இருந்த கே. சி. எசு. பணிக்கரின் முயற்சியால் 1966இல் சோழமண்டல ஓவியர் சிற்றூர் தோன்றியது. அங்குக் குடியேறிய ஓவியரும் சிற்பியரும் கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் தம் கலையையும் வாழ்வையும் காத்துக்கொண்டனர்.

இவ்வுண்மை உலோகத்தில் செய்யும் கலைக்கு மட்டும் உரியதன்று. ஒலியால் அமையும் கலைக்கும் பொருந்தும். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. இளமையில் தம் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். அக்குழுவே அவருடைய பட்டறை. மக்கள் எந்த மெட்டுக்குச் செவி சாய்ப்பர் என்பதை மேடையே அவருக்குக் கற்பித்தது. அவர் அதனோடு அமைந்துவிடவில்லை. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை முறையாகப் பயின்றார். இசையைக் குறியீடாக எழுதும் திறம் கைவந்தபின், உள்ளத்தில் எழுந்ததைத் தாளில் எழுதி, பல கருவியாளரும் ஒருங்கே இசைக்குமாறு செய்ய அவரால் முடிந்தது. 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ திரைப்படத்தில் நாட்டுப்புற மெட்டின் மணம் மாறாமலே இருந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் அவர் எழுதிய சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. பள்ளி தந்த எழுத்து, பட்டறை தந்த செவியை அழிக்கவில்லை. அதற்குப் புதிய வழியைத் திறந்தது.

இன்று அணிகல வடிவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, மெழுகில் உருவெடுத்து, பொன்னை வார்க்கும் முறை பரவியுள்ளது. ஒரே வடிவில் பல நகைகளை விரைவில் செய்ய இது உதவுகிறது. ஆயினும் வார்த்த நகையை அரத்தால் சீர்செய்தலும், நுண்ணிய கற்களைப் பதித்தலும், ஒடிந்த பழநகையைப் பழுது பார்த்தலும் இன்றும் பழகிய கையையே நாடுகின்றன. கை பழகும் இளைஞர் அருகினால் அவ்வேலைகளை அறிந்தோரும் அருகுவர். பட்டறைச் சிறுவனுக்கு வரையக் கற்பிப்பதும், பள்ளி மாணவனை ஊதுகுழலின் முன் அமர்த்துவதும் ஒருங்கே நிகழுமாயின், முன்னோர் தேடிவைத்த கைத்திறம் குறையாமல் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.