அணைக்குக் கீழே குடியிருப்போர் அறிய வேண்டியவை

2020 மே 19 அன்று மாலை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிட்டபவாஸி, டொபாக்கோ என்னும் இரு நதிகளையும் மறித்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நின்றிருந்த ஈடன்வில் மண் அணையின் கரையில் ஒரு பகுதி, வெள்ளம் அதன் தலைக்கு மேல் ஏறி வழியாதிருக்கும்போதே, சில விநாடிகளில் சரிந்து வீழ்ந்தது. அதன் பின்னே தேங்கியிருந்த விக்ஸம் ஏரியின் ஜலம் முழுவதும் பிரவாகமாகப் பாய்ந்து, கீழேயிருந்த ஸான்ஃபோர்டு அணையையும் அழித்து, மிட்லண்ட் நகரத்தின் தாழ்ந்த பாகங்களை மூழ்கடித்தது. ஏறத்தாழ பதினாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தமையால் உயிரிழப்பு நேரவில்லை. வீடுகளும் வாழ்நாள் சேமிப்பும் போயின.

இந்த அணை ‘உயர் அபாயம்’ என்ற வகுப்பைச் சேர்ந்தது என்பதும், அது வீழ்வதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன் மாநில அதிகாரிகளின் பரிசோதனையில் ‘ஃபேர்’ என்னும் மதிப்பைப் பெற்றிருந்தது என்பதும் ஒருங்கே உண்மை. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள் என்பதை அறியாதவர் மிகப் பலர். அபாய வகுப்பு, அணை உடைந்தால் கீழே என்ன நேரும் என்பதை மட்டுமே சொல்லும்: உயிர்கள் போகக்கூடும் என்றால் உயர்ந்தது, உயிர் தப்பினாலும் பெரும் பொருள் நஷ்டம் உண்டென்றால் நடுத்தரமானது, நஷ்டம் பெரும்பாலும் உடைமையாளருடையதே என்றால் தாழ்ந்தது. அணை திடமாயிருக்கிறதா என்பதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நேற்றுக் கட்டி முடித்த உத்தமமான அணையும், கீழே ஊர் இருந்தால், உயர் அபாய அணைதான். திடத்தைக் குறிப்பது நிலைமை மதிப்பு. அதில் ‘ஃபேர்’ என்றால், சாதாரண காலத்தில் குறை ஏற்படாது, அபூர்வமான வெள்ளத்திலோ பூகம்பத்திலோ ஏற்படலாம் என்று பொருள். ஆனால் கீழே குடியிருப்பவனுக்கு அந்த அபூர்வமான வெள்ளத்தைப் பற்றித்தானே கவலை!

மின்சாரம் உற்பத்தி செய்வதற்காக 1924-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட இவ்வணை, பிற்காலத்தில் பாய்ஸ் ஹைட்ரோ என்னும் தனியார் கம்பெனியின் கைக்கு வந்தது. பெருவெள்ளத்தை வெளியேற்றக் கலிங்கு போதாது, எதிர்பார்க்கத்தக்க உச்ச வெள்ளத்தில் பாதியளவைத்தான் அது தாங்கும் என்று ஃபெடரல் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பல்லாண்டுகள் வற்புறுத்தியும் கம்பெனி அதை விஸ்தரிக்கவில்லை. ஆகவே 2018-இல் ஆணையம் மின் உற்பத்தி உரிமத்தை ரத்து செய்தது. தண்டனையாகத் தோன்றும் இவ்வுத்தரவினால் விளைந்தது யாது? அணை அங்கேயே நின்றது, நீரும் அங்கேயே நின்றது. மேற்பார்வை மாத்திரம், உச்ச வெள்ளத்தில் பாதியைத் தாங்கினால் போதும் என்னும் விதியுடைய மாநிலத்தின் வசம் மாறியது. மக்களின் க்ஷேமத்தைக் கருதி எடுக்கப்பட்ட நடவடிக்கை மக்களைத் தளர்ந்த அளவுகோலின் கீழ் விட்டுவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

பின்னர் நியமிக்கப்பட்ட சுயேச்சையான நிபுணர் குழு, 2022-இல் வெளியிட்ட முடிவில், விபத்தின் காரணத்தைக் கரையின் உட்புறத்தில் கண்டது. கட்டிய காலத்தில் நன்றாக இறுக்கப்படாமல் தளர்வாகக் கொட்டப்பட்டிருந்த மணல், ஏரியின் மட்டம் முன்பு காணாத உயரத்துக்கு ஏறியபோது, தன் பலத்தைத் திடீரென்று இழந்து திரவம்போல் ஓடிவிட்டது. பூகம்பம் ஏதும் இல்லாமலே இது நிகழக்கூடும் என்பதுதான் கவனிக்கத்தக்கது. கரைமேல் நடந்து கண்ணால் பார்க்கும் பரிசோதகருக்குப் பச்சைப் புல் தெரியும். துளையிட்டு மண்ணெடுத்துச் சோதித்தாலன்றி உள்ளேயிருக்கும் தளர்ந்த மணல் தெரியாது.

ஆகையால், அந்நாட்டில் அணைக்குக் கீழே வீடு வைத்திருப்போரும், வாங்க எண்ணும் நம்மவர்களும், ராணுவப் பொறியாளர் படை பராமரிக்கும் தேசிய அணைப் பதிவேட்டை முதலில் பார்க்க வேண்டும். உடைமையாளர், கட்டிய ஆண்டு, அபாய வகுப்பு, கடைசிப் பரிசோதனைத் தேதி ஆகியவை அதில் உண்டு. பல அணைகளுக்கு நிலைமை மதிப்பும் உண்டு. பிறகு கேட்க வேண்டியவை: கலிங்கு எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும்? கரையின் உள்மண் எப்போதாவது சோதிக்கப்பட்டதா? அவசரகாலத் திட்டம் எப்போது கடைசியாக ஒத்திகை பார்க்கப்பட்டது? உடைப்பு வெள்ளம் பரவும் வரைபடம் பாதுகாப்புக் காரணத்தால் மறுக்கப்படலாம். அப்போதும், தம் தெரு அதில் உள்ளதா என்றும், எச்சரிக்கை எவ்வழியாக வரும் என்றும் மாவட்ட அவசரகால அலுவலகத்தை விசாரிக்கத் தயங்க வேண்டாம்.

கரையடியில் கசிவு காண்பது எப்போதும் ஆபத்தன்று. தெளிந்த நீர் சீராகக் கசியும் நல்ல அணைகள் பல. கலங்கிய நீர் வந்தால், கரையின் மண்ணே அரித்துச் செல்லப்படுகிறது என்று அறியவும். புதிய பள்ளம், சரிவில் வீக்கம், உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு ஆகியவற்றைக் கண்டால் உடைமையாளருக்கும் மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். நீர் பெருகிக்கொண்டிருந்தால் 911-ஐ அழைக்க வேண்டும்.

நஷ்டஈட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் அங்கே வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. ஃபெடரல் வெள்ளக் காப்பீடோ பொதுவாக வாங்கிய முப்பது நாளுக்குப் பின்தான் அமலுக்கு வரும். ஈடன்வில் விஷயத்தில், உடைப்பு நிகழ்ந்த ஆண்டிலேயே கம்பெனி திவால் மனுச் செய்துகொண்டது. அதன் தலைவர் மாநிலத்துக்கு ஏறத்தாழ 12 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று 2023-இல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஆனால் தீர்ப்பு வேறு, பணம் வசூலாவது வேறு. வெள்ளத்துக்குப் பின் தேடும் பரிகாரம் இத்தகையது. ஆதலால் உங்கள் வீட்டுக்கு மேலே ஓர் அணை இருக்குமாயின், மழைக்காலம் வருமுன்பே மேற்சொன்ன கேள்விகளை உடைமையாளருக்கும் மேற்பார்வை அலுவலகத்துக்கும் எழுத்துமூலம் அனுப்புங்கள். எழுத்துமூலமான பதில் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.