சிவப்புப் பேனாக்கத்திக்கு இவ்வளவு மவுசு ஏன்?

வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்களின் பெட்டிகளில் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் பேனாக்கத்தியைப் பல தடவை கண்டிருக்கிறேன். அதே சாயலில் போலிகளும் கந்தளாய்க் கடைகளுக்கு வருகின்றன. போலியை எவரும் இரவல் கொடுப்பார்கள். அசலை வைத்திருப்பவர் கொடுக்க யோசிப்பார். ஒரு சின்னக் கத்திக்கு இந்த மரியாதை எப்படி வந்தது?

இராணுவக் கத்தி என்பதால் என்றுதான் பலரும் நினைக்கின்றனர். அது பாதி உண்மை.

1884இல் கார்ல் எல்சனர் என்பவர் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் கத்திப் பட்டறை தொடங்கினார். துப்பாக்கியைக் கழற்றவும் டின் உணவைத் திறக்கவும் தனது சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி தேவை என்றது அந்நாட்டு இராணுவம். முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது. 1891இல் எல்சனரும் ஓடரைப் பிடித்தார். ஆனால் ஜெர்மன் ஆலைகளின் மலிவு விலையோடு போட்டியிட முடியவில்லை. கடனில் மூழ்க இருந்தவரை உறவினர்களே கைகொடுத்துத் தூக்கிவிட்டனர்.

அவரை நிமிர்த்தியது 1897இல் பதிவு செய்த 'அதிகாரி கத்தி'. பாரம் குறைவு, கருவிகள் அதிகம். (போத்தல் தக்கை கழற்றும் திருகியும் அதில் இருந்தது, அது எமக்கு உதவாது!) இந்தக் கத்தியை இராணுவம் வாங்கி வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினர், பொதுமக்களும் வாங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்கு அள்ளிச் சென்றனர். ஜெர்மன் பெயர் வாயில் நுழையாததால் 'சுவிஸ் ஆர்மி நைஃப்' என்று அழைத்தவர்களும் அவர்களே. ஆக, இராணுவம் பெயரைக் கொடுத்தது. சோறு போட்டவர் சாதாரண வாடிக்கையாளர்.

கம்பனியின் பெயர் விக்டோரினொக்ஸ். எல்சனரின் தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' 1921இல் சேர்ந்தது.

2001 செப்டெம்பர் தாக்குதலின் பின் விமானங்களில் கத்திக்குத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் வியாபாரம் படுத்தது. கத்தி விற்பனை சுமார் 30 வீதத்தால் விழுந்தது. எமது சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டபோது கரும்பை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, ஒற்றைப் பொருளில் தொங்கும் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. விக்டோரினொக்ஸ் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. சிலரை அயலிலுள்ள வேறு நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக வேலைக்குக் கொடுத்தது. ஏற்கெனவே தொட்டிருந்த கைக்கடிகாரம், பயணப்பை வியாபாரங்களைப் பெருக்கியது. 2005இல், இராணுவ ஓடரை நெடுங்காலம் பங்குபோட்ட வெங்கர் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. என் பார்வையில் பெரிய சாமர்த்தியம், நெருக்கடியிலும் கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளியை விடாததுதான். அந்தக் கை போனால் அசலுக்கும் போலிக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது பல நாடுகளில் கத்தி வைத்திருப்பதற்கே சட்டம் இறுகி வருகிறது. அதனால் அலகே இல்லாத கருவி ஒன்றைத் தயாரிப்பதாக 2024இல் அறிவித்தனர். கத்தியில்லாத கத்தியை எவன் வாங்குவான் என்று இங்கே ஒரு ஹாட்வெயார் முதலாளி சிரித்தார். சைக்கிள் ஓட்டுபவர்களை மனதில் வைத்துத்தான் அதைச் செய்கிறார்களாம்.