கடலோரத்தில் நாலு நாள்: அறை பிடிப்பதும் ஒரு கொள்முதலே!

காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 9 மணிக்கு மேல்தான் இறக்குவது என்பது நம் வியாபாரிகளின் வழக்கம். தீபாவளிக்கு மறுநாளும் பொங்கலுக்கு மறுநாளும் கடைக்கு லீவு விட்டாலும், மனம் என்னவோ கிட்டங்கியிலேதான் கிடக்கும். கல்யாணமாகி 40 வருடம் ஆன பிறகும் கோயில், துக்கம், விசேஷம் என்பதைத் தவிர வேறு எதற்கும் மனைவியை வெளியூர் அழைத்துச் செல்லாதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நாமும் அந்தப் பட்டியலில் இருந்தவர்தாம்.

நம்மோடு ஒரே தெருவில் பருப்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் துணைவியார் 2023ஆம் ஆண்டு காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியிலிருந்து எழுந்தவர், நம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கடலோரமா நாலு நாள் இருந்துட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். நமக்கு எந்தச் சீசன் முடிஞ்சிருக்கு?"

அந்தச் சொல் நம்மைத் தூங்கவிடவில்லை. அந்த வருடமே நாமும் நம் துணைவியாரும் கேரளத்திலுள்ள வர்க்கலைக்குப் புறப்பட்டோம். முதல் பயணத்தில் ஏமாந்தோம். இரண்டாவது பயணத்தில் தெளிந்தோம். இரண்டையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். இதைப் படித்து ஒரு தம்பதியாவது நிம்மதியாகப் போய்வந்தால் அதுவே போதும்.

முதல் பயணத்தில் செய்த தவறு

2023 டிசம்பர் கடைசி வாரம் போனோம். கைப்பேசியில் படம் பார்த்து, 'கடல் தெரியும் அறை' என்றிருந்த ஒரு விடுதிக்கு மூன்று இரவு வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டோம். போய்ப் பார்த்தால் கடல் தெரிந்தது உண்மைதான்; கூடவே பக்கத்து உணவகத்தின் ஒலிபெருக்கியும் தெரிந்தது. இரவு 1 மணி வரை ஆட்டபாட்டம். பின்பக்கம் ஜெனரேட்டர். கடற்கரைக்கு இறங்க நீளமான படிக்கட்டு. நம் துணைவியாருக்கோ முழங்கால் வலி. மறுநாள் காலையிலேயே அறையைக் காலி செய்தோம். முன்பணம் திரும்ப வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது துணைவியார் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடையில ஒரு மூட்டை பருப்பு வாங்கணும்னாலும் குத்தூசி போட்டுப் பார்க்காம வாங்க மாட்டீங்க. இதை மட்டும் எப்படிங்க படத்தைப் பார்த்து வாங்கினீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே ஊருக்குப் புறப்பட்டபோது, சரக்குக் கொள்முதல் செய்வதுபோலவே அறையையும் தேடினோம்.

எப்போது போவது?

வியாபாரத்தைப் போலவே கடற்கரைக்கும் சீசன் உண்டு. கேரளக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது வாடகை குறைவுதான். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும், இறங்க முடியாது. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம் என்று அவர்கள் சொல்லும் மழை. டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம். வர்க்கலையில் அதோடு டிசம்பர் 30, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் ஸ்ரீ நாராயண குருவின் சமாதி இருக்கும் சிவகிரிக்கு யாத்திரிகர்கள் திரள்வார்கள். ஆடி அமாவாசையன்று பாபநாசம் கடற்கரையில் முன்னோருக்குப் பலி கொடுக்கப் பெருங்கூட்டம் கூடும். நாம் முதல் முறை போனது எவ்வளவு தவறான நேரம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பொங்கல் வியாபாரம் முடிந்து ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை நமக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கடலும் சாந்தமாக இருக்கும். அதிலும் சனி, ஞாயிறை ஒதுக்கித் திங்கள் முதல் வெள்ளி வரை போனால் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

எந்த இடத்தில் தங்குவது?

வர்க்கலையின் சிறப்பே கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் செம்பாறைக் குன்றுதான். வடக்குக் குன்றின் விளிம்பில் கடைகளும் உணவகங்களும் வரிசையாக உள்ளன. கடல் அழகாகத் தெரியும். ஆனால் சத்தமும் விலையும் அங்கேதான் அதிகம். மழைக்காலத்தில் குன்றின் விளிம்பு சரிவதும் உண்டு என்பதால், விளிம்பை ஒட்டிய கட்டடத்தில் தங்க நமக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து உள்ளே 200, 300 மீட்டர் தள்ளினால் தென்னந்தோப்புக்கு நடுவே குடும்பத்தார் தங்கள் வீட்டோடு சேர்த்து நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. ஐந்து நிமிட நடையில் கடல். அந்த ஐந்து நிமிடம்தான் அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை.

முழங்கால் வலி உள்ளவர்கள் படிக்கட்டைக் கவனிக்க வேண்டும். ஜனார்த்தன சுவாமி கோயில் பக்கமிருந்து பாபநாசம் கடற்கரைக்குச் சாலையே இறங்குகிறது, ஆட்டோ போகும். வடக்கே ஓடயம் பகுதியில் குன்று தாழ்ந்துவிடுவதால் மணலுக்குப் போவது சுலபம், கூட்டமும் குறைவு. இன்னும் வடக்கே காப்பிலில் ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல். அங்கே அமைதி அதிகம். ஆனால் கடைகண்ணி குறைவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளவும். நாம் இரண்டாம் முறை தங்கியது ஓடயத்தில்.

போனில் கேட்க வேண்டியவை

நாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நான்கைந்து விடுதிகளுக்குப் போன் செய்தோம். அறை எந்த மாடியில்? கடற்கரைக்கு எத்தனை படி? இரவு 10 மணிக்கு மேல் பக்கத்தில் பாட்டுச் சத்தம் உண்டா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? மின்சாரம் போனால் இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா? குழாயில் வருவது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? கழிப்பறை எந்த வகை? கொசுவலை உண்டா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்பவர் நல்ல வீட்டுக்காரர். "எல்லாம் இருக்கு, வாங்க" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவரிடம் நாம் சரக்கும் வாங்க மாட்டோம், அறையும் எடுக்க மாட்டோம்.

முக்கியமான இன்னொன்று: முதலில் ஓர் இரவுக்கு மட்டுமே பணம் கட்டவும். அதுதான் சாம்பிள். அன்றிரவு 9 மணிக்கு வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் மறுநாள் காலையில் மீதி நாட்களுக்குப் பேசலாம்.

ஜன்னல் எந்தப் பக்கம்?

கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்றே போதும் என்று நினைத்தோம். விடுதிக்கார அம்மா விளக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பகலில் நிலம் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். வர்க்கலையில் கடல் மேற்கே. ஆகவே இரவுக் காற்று வேண்டுமென்றால் கிழக்கிலும் ஜன்னல் இருக்க வேண்டும். எதிரெதிர் ஜன்னல் உள்ள அறை கிடைத்தால் மின்விசிறியே போதும், ஏ.சி. அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மிச்சம். நமக்கு நான்கு இரவும் அப்படித்தான் கழிந்தது.

வாடகையும் பில்லும்

நாள் ஒன்றுக்கு 1,800 ரூபாய் என்றார்கள். நான்கு இரவு தங்குகிறோம், வார நாள், நேரடியாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி 1,400க்கு முடித்தோம். இணையச் செயலி வழியாக வந்தால் விடுதிக்காரர் கமிஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது. நேரில் பேசினால் அதில் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கும். வியாபாரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சிறு வீட்டுக்காரரிடம் அளவுக்கு மீறி அடித்துப் பேசவும் வேண்டாம். அவரும் நம்மைப்போல் நாலு மாதச் சீசனை நம்பிப் பிழைப்பவர்தாம்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு முன்பு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. இதற்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு பெறாத சிறு விடுதிக்காரர் தம் பில்லில் வரி போட்டு வசூலிக்க முடியாது. பில்லில் வரி இருந்தால் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

கடலில் இறங்கும்போது

வர்க்கலைக் கடல் பார்ப்பதற்குத்தான் சாது. அடியில் இழுப்பு உண்டு. உயிர்காப்பாளர்கள் நிற்கும் இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் கரையோடு நிற்க வேண்டும். நம் வயதினருக்குக் கணுக்கால் நனைந்தாலே போதுமானது.

வியாபாரி பார்க்க வேண்டிய இடம்

வர்க்கலைக்குத் தெற்கே சிறிது தூரத்தில் அஞ்சுதெங்கு இருக்கிறது. ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690களில் கோட்டை கட்டிய இடம். எதற்காக? மிளகுக்காக. அந்த வியாபாரத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதம் மக்களைக் கொதிக்க வைத்தது. 1721ல் கம்பெனி ஆட்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தினமும் மிளகைத் தராசில் போடும் நாம், அந்தக் கோட்டைச் சுவரருகே சற்று நின்று வரலாம். எடையிலும் விலையிலும் நாணயம் தவறினால் என்னவாகும் என்பது அங்கே விளங்கும்.

கடை என்னவாயிற்று?

விருதுநகரில் ரயில் ஏறியபோது சாவிக் கொத்தைப் பையனிடம் கொடுத்தோம். கை நடுங்கியது என்றே சொல்ல வேண்டும். முதல் நாள் ஆறு தடவை போன் செய்தோம். இரண்டாம் நாள் மூன்று தடவை. மூன்றாம் நாள் பையனே, "அப்பா, நான் பார்த்துக்கிறேன். நீங்க அம்மாவோட இருங்க" என்று போனை வைத்துவிட்டான். திரும்பி வந்து பேரேட்டைப் பார்த்தோம். கணக்கில் ஒரு குறையும் இல்லை. கடை நம்மை விட்டாலும் நடக்கும் என்று தெரிந்தபோது முதலில் சிறிது வருத்தமாகவும், பிறகு பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

கடைசி நாள் மாலை ஓடயம் மணலில் உட்கார்ந்திருந்தோம். சூரியன் கடலுக்குள் இறங்கும் வரை துணைவியார் ஒன்றும் பேசவில்லை. எழும்போது, "அடுத்த வருஷமும் வருவோமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பருப்புக் கடை அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இனி ஆளில்லை. நமக்கு இருக்கிறது. ஆகவே, வணிகப் பெருமக்களே, சீசன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாலு நாள் ஒதுக்கி, நல்ல அறையாகப் பார்த்துப் பிடித்து, துணைவியாரை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.